‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’: கிரேக்கக் கதை தெரிய வேண்டுமா?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): சனிக்கிழமை தாத்தாவோடு இந்த 2000ஆம் ஆண்டுப் படத்தைப் பார்த்தேன். சங்கிலியோடு தப்பி ஓடும் மூன்று கைதிகள், 1937இன் மிசிசிப்பி. இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனால் இது கிரேக்கக் கவி ஹோமரின் ஒடிசி காவியம் என்கிறார்களே, எங்கே இருக்கிறது?

பதில் 1: பெயரைப் பாருங்கள் தம்பி, நாயகன் யுலிஸஸ், அதுதான் காவிய நாயகன் ஒடிசியஸின் இன்னொரு பெயர்; மனைவி பென்னி, அதாவது ஒடிசியஸின் மனைவி பெனலோப்பி. ஒற்றைக்கண் பைபிள் வியாபாரிதான் காவியத்தின் ஒற்றைக்கண் அரக்கன். ஆற்றங்கரையில் துணி துவைத்தபடி பாடும் மூன்று பெண்கள், காவியத்தில் பாட்டால் மாலுமிகளை மயக்கும் சைரன்கள், அப்புறம் நண்பனின் வெறும் சட்டைக்குள்ளிருந்து ஒரு தேரை எட்டிப் பார்க்க, அவன்தான் தேரையாகிவிட்டான் என்று நம்பி, கைதிகளில் ஒருவனான டெல்மர் அதைச் செருப்புப் பெட்டியில் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு அலைகிறானே, அந்த அப்பாவித்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பதில் 2 (பீனிக்ஸ், டர்பன்): காவியம் படிக்காமலே ரசிக்கலாம். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் பாரதத்துக்கு நடுவே புகுந்து சிரிக்க வைப்பதில்லையா? அதே உரிமைதான்.

கேட்டவர்: நன்றி அண்ணா, அக்கா. தண்டவாளத்தில் வண்டி தள்ளிவரும் பார்வையற்ற முதியவர்?

பதில் 1: காவியத்தில் வருவதுரைக்கும் பார்வையற்ற ஞானி டைரீசியஸ். தாத்தாவோடு இன்னொரு முறை பாருங்கள்.