அப்பா கவிதைகளுக்குக் கொலாஜ்: கவிதை சொன்னதையே படமும் சொல்ல வேண்டுமா?

கேள்வி

வணக்கம். அப்பாவைப் பற்றி இரண்டு ஆண்டுகளாக எழுதிச் சேர்த்த 14 கவிதைகளைக் கையால் தைத்த சிறு புத்தகமாக்கி, உடன்பிறந்தவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்கலாம் என்றிருக்கிறேன். வலப்பக்கத்தில் கவிதை, இடப்பக்கத்தில் அதற்கான கொலாஜ், அதாவது தாள், படத் துண்டுகளை வெட்டி ஒட்டிய படம் என்பது திட்டம். ஐந்து பக்கங்கள் முடிந்ததும் கை நின்றுவிட்டது. மிதிவண்டிக் கவிதைக்கு எதிரே மிதிவண்டிப் படம், மூக்குக்கண்ணாடிக் கவிதைக்கு எதிரே மூக்குக்கண்ணாடிப் படம் என்று ஒட்டியிருப்பதைப் பார்த்தால் அரிச்சுவடி போல இருக்கிறது. கவிதையோடு ஒட்டாத படங்களை வைத்தும் பார்த்தேன். அவை அழகாகத்தான் இருந்தன, ஆனால் யாருடைய அப்பாவுக்கும் அவற்றை வைத்துவிடலாம். எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதோடு இரண்டு சிறிய ஐயங்கள்: ஒட்டிய தாள்கள் வளைந்துகொள்கின்றன, மூடினால் புத்தகம் வாய் பிளந்து நிற்கிறது. அப்பா எழுதிய பழைய கடிதங்களை வெட்டிப் பயன்படுத்தலாமா என்றும் மனம் தடுமாறுகிறது.

மறுமொழி 1

கவிதையில் பெயர் சொல்லப்பட்ட பொருளைத் தேடாமல், அந்தக் கவிதையில் நீங்கள் எங்கே நின்றீர்கள் என்று தேடிப் பாருங்கள். மிதிவண்டியின் முன்கம்பியில் அமர்ந்து போன குழந்தைக்கு மிதிவண்டியும் தெரியாது, அப்பாவின் முகமும் தெரியாது. கைப்பிடியைப் பற்றிய இரண்டு கைகளும், அவற்றுக்கு நடுவே ஓடிவரும் சாலையும்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் இரு கைகளையும் சாலையின் ஒரு கீற்றையும் மட்டும் ஒட்டினால், கவிதை சொல்லாமல் விட்ட இடத்தைப் படம் பிடித்துக்கொள்ளும். அது வேறு எந்த அப்பாவுக்கும் பொருந்தாது.

கொலாஜின் வலிமையே இதில்தான் இருக்கிறது என்பேன். 1912இல் ஓவியர்கள் பிக்காசோவும் பிராக்கும் செய்தித்தாள் துண்டுகளையும் சுவர்த்தாளையும் ஓவியத்தில் ஒட்டத் தொடங்கியபோது, ஒட்டப்பட்ட துண்டு படத்தின் பகுதியாகவும், அதே வேளையில் வெளியுலகிலிருந்து வந்த உண்மைப் பொருளாகவும் நின்றது. வரைந்த பயணச்சீட்டுக்கும், ஒருவர் சட்டைப்பையில் மடிந்து கிடந்து ஓரம் நைந்த பயணச்சீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் உடன்பிறந்தவர்கள் ஒரு நொடியில் உணர்வார்கள். ஜெர்மானியக் கலைஞர் குர்ட் ஷ்விட்டர்ஸ் தெருவில் கிடந்த சீட்டுகளையும் உறைகளையும் பொறுக்கி ஒட்டிய தம் கலைக்கு 'மெர்ஸ்' என்று பெயரிட்டார்; அச்சொல்லே, அச்சிட்ட தாளிலிருந்து அவர் வெட்டியெடுத்த 'கொமெர்ஸ்' (வணிகம்) என்ற சொல்லின் மிச்சம். மறைந்தவரோ முதியவரோ, அப்பாவைப் பற்றி நம் கையில் இருப்பதும் பெரும்பாலும் இத்தகைய மிச்சங்கள்தாம்.

ஒன்று மட்டும் கூடுதலாகச் சொல்கிறேன். 14 பக்கங்களுக்கும் பொதுவாக ஒரு துண்டு இருக்கட்டும். தபால் உறைகளின் உட்புறத்தில் நீலக் கோடுகளோ புள்ளிகளோ அச்சிட்டிருப்பார்கள் அல்லவா, அது ஒரு பக்கத்தில் வானமாகவும் இன்னொன்றில் சட்டையாகவும் வேறொன்றில் வெறும் விளிம்பாகவும் வரலாம். அப்பாவின் முகத்தை எல்லாப் பக்கத்திலும் வைத்துவிடாதீர்கள்.

மறுமொழி 2

தாள் வளைவதற்குக் காரணம் பசையிலுள்ள ஈரம். ஈரம் பட்டால் தாள் அதன் இழைக்கு, அதாவது நார்கள் ஓடும் திசைக்குக் குறுக்கான திசையில்தான் அதிகமாக விரியும், காயும்போது சுருங்கி அடித்தாளை இழுக்கும். தாளை மடிக்காமல் இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எதிர்ப்பின்றி வளைகிறதோ, அந்த வளைவின் முதுகுக்கு இணையாக இழை ஓடுகிறது. அடித்தாளின் இழை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஒட்டும் பெரிய துண்டுகளின் இழையும் அப்படியே. பி.வி.ஏ. என்னும் வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, கனமான பலகையின் கீழ் ஓர் இரவு விடுங்கள்.

வாய் பிளப்பதற்குப் பசை காரணமன்று. படங்களால் பக்கங்கள் தடிக்கின்றன, முதுகு தடிக்கவில்லை. தைக்கும்போது முதுகோரமாகத் தாள்களுக்கிடையே விரலகலத் தாள் கீற்றுகளைச் சேர்த்துத் தைத்தால் இரண்டும் சமமாகிவிடும்.

கடிதங்களை வெட்டவே வேண்டாம். ஸ்கேன் செய்து லேசர் அச்சில் நகலெடுங்கள். பல பிரதிகளுக்கு அதுவே வழி. இங்க்ஜெட் அச்சில் ஈரப்பசை பட்டால் மை கசியக்கூடும். செய்தித்தாளில் உள்ள லிக்னின் என்னும் மரப்பொருள் அதை விரைவில் பழுப்பாக்கும், வெப்பத்தாளில் அச்சான ரசீதுகளின் எழுத்து மங்கி மறையும். இவற்றுக்கும் நகல்தான்.

மறுமொழி 3

முதல் மறுமொழியோடு முழுவதும் உடன்பட முடியவில்லை. பொருளை நேரடியாகக் காட்டுவது குற்றமல்ல, முழுதாகக் காட்டுவதுதான் சலிப்பூட்டுகிறது. மிதிவண்டி மணியின் மூடி மட்டும் பக்கத்தை அடைத்துக்கொண்டு பெரிதாக இருந்தால், அதுவும் மிதிவண்டிதான்.

படம்தான் எப்போதும் கவிதைக்குப் பின்னால் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. 1947இல் வெளியான 'ஜாஸ்' நூலில், வண்ணத்தாள்களை வெட்டி அமைத்த 20 படங்களுக்கு இடையே பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தம் கையெழுத்தில் பக்கங்களை எழுதிச் சேர்த்தார். அந்த எழுத்து தம் வண்ணங்களுக்குத் துணையாக மட்டுமே வருகிறது என்று அவரே அதில் குறிப்பிட்டிருக்கிறார். நீங்களும் ஓரிரு பக்கங்களில் கொலாஜை முதலில் முடித்துவிட்டு, அது சொல்லிவிட்ட வரிகளைக் கவிதையிலிருந்து அடித்துப் பாருங்கள். ஏதேனும் ஒரு கவிதைக்கு எதிரே வெற்றுப்பக்கம் போதும் என்றுகூடத் தோன்றலாம்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மூக்குக்கண்ணாடிக் கவிதையில் முயன்று பார்த்தேன். அப்பா கண்ணாடியைத் தொலைத்த நாள்களில் எதையும் கையை நீட்டித் தொலைவில் பிடித்துத்தான் படிப்பார். அவருடைய கடிதம் ஒன்றை ஸ்கேன் செய்யும்போது வேண்டுமென்றே தாளைச் சற்று நகர்த்தினேன். கலங்கிய எழுத்துகள் வந்தன. அந்த நகலைப் பக்கம் முழுவதும் பரப்பி, கீழ் மூலையில் ஒரு கட்டைவிரலை மட்டும் ஒட்டினேன். உடனே கவிதையின் கடைசி மூன்று வரிகள் வேண்டாதவையாகிவிட்டன, நீக்கிவிட்டேன். என் அக்கா அதைப் பார்த்ததும் எந்தக் கடிதம் என்றுதான் முதலில் கேட்டார்.

தாளை வளைத்தும் பார்த்தேன். ஐந்து பக்கங்களிலும் இழை குறுக்காகத்தான் ஓடுகிறது. எல்லாவற்றையும் மறுபடியும் வெட்டத் தொடங்கியிருக்கிறேன்.