ஜவுளிக்கடை விளம்பரத்தில் 80களின் பாட்டு: யாரிடம் அனுமதி வாங்குவது?

கேள்வி: நெல்லையில் ஒரு ஜவுளிக்கடைக்குத் தீபாவளி விளம்பரம் எடுக்கிறேன், உள்ளூர் கேபிளுக்கும் யூடியூபுக்கும். 80களில் வந்த ஒரு பாட்டின் பல்லவி வேண்டும். "10 விநாடிதானே, யாரும் கேட்கமாட்டார்கள்" என்கிறார் கடைக்காரர். சரியா அண்ணே?

பதில்: சரியில்லை தம்பி. அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் கிடையாது. ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கும் வரிகளுக்கும் தனி உரிமை. பழைய படங்களில் இரண்டும் ஒரே கையில் இருக்கும் என்று நம்பாதீர்கள். அன்று பாட்டை வெளியிட்ட கேசட் கம்பெனி கைமாறியிருக்கும். தயாரிப்பாளர் அன்று எழுதிக்கொடுத்தது என்ன என்பதிலேயே வழக்குகள் நடக்கின்றன. கம்பெனி ஒப்புக்கொண்டாலும், மெட்டுக்கும் வரிகளுக்கும் உள்ள உரிமையும் அந்தக் கம்பெனியிடம்தான் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எந்த ஊடகம், எத்தனை மாதம் என்பதும் அதில் வேண்டும். விலையே அதை வைத்துத்தான்.

கேட்டவர்: வேறு பாடகரை வைத்துப் பாடவைத்தால்?

பதில்: பழைய ஒலிப்பதிவுக்கு அனுமதி தேவைப்படாது. மெட்டுக்கும் வரிகளுக்கும் அப்போதும் வேண்டும்.

இன்னொருவர்: கவிஞர்கள், இசையமைப்பாளர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் சங்கமான ஐபிஆர்எஸ்ஸிலும் விசாரியுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு; அது அவர்களுக்குப் போய்ச் சேரணும். பட்ஜெட் இடிக்கிறதென்றால், உள்ளூர் நாதஸ்வரக் கலைஞரிடம் புது மெட்டு கேளுங்கள், ஒப்பந்தம் போட்டு.