திருட்டுப் பொருள் கையில் இருந்தாலே திருட்டு நிரூபணமாகிவிடுமா?

குறிஞ்சிவேந்தன்:
என் சித்தப்பா மகன், பழைய கைப்பேசிகளை வாங்கி விற்கும் கடையொன்றில் ஒரு கைப்பேசியை வாங்கிச் சில மாதங்களாகப் பயன்படுத்தி வந்தார். அது ஒரு வீட்டில் திருடு போனது என்று ஒவ்வொரு கைப்பேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ மூலம் கண்டறிந்த காவல் துறையினர், அதைக் கைப்பற்றியதோடு அவரையும் திருட்டு வழக்கில் சேர்த்துவிட்டனர். அவர் திருடியதைப் பார்த்த சாட்சி எவரும் இல்லை. கடைக்காரர் ரசீது தரவில்லை. பணம் மட்டும் யுபிஐ வழியாகச் சென்றிருக்கிறது. பொருள் அவரிடம் இருந்தது என்பதை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியுமா?

வழக்காடி:
திருட்டு நடந்த சிறிது காலத்திற்குள் அப்பொருளை வைத்திருப்பவர், அது தம்மிடம் வந்த விதத்தை விளக்காவிட்டால், அவரே திருடினார் என்றோ, திருட்டுப் பொருள் என்று அறிந்தே பெற்றார் என்றோ நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 114ஆவது பிரிவில் உள்ள முதல் எடுத்துக்காட்டு கூறியது. அச்சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 119ஆவது பிரிவிலும் அதுவே இருக்கிறது. 'அனுமானிக்கலாம்' என்றுதான் சட்டம் சொல்கிறது. 'அனுமானித்தாக வேண்டும்' என்று சொல்லவில்லை. திருடு போன, அடையாளக் குறியிட்ட ரூபாய் கல்லாவில் கிடைத்தாலும், நாள்தோறும் பலரிடம் ரூபாய் வாங்கும் கடைக்காரரால் அது எப்படி வந்தது என்று குறிப்பாகச் சொல்ல முடியாமல் போகலாம் என்பதையும் நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும் என்று அதே பிரிவு எச்சரிக்கிறது. பலர் இந்தப் பகுதியைப் படிக்காமலே வாதாடுகிறார்கள் என்பது என் வருத்தம்.

'சிறிது காலம்' என்பதற்கு நாள் கணக்கு கிடையாது. வீட்டு வேலைக்காரர் தலைமறைவாகி ஏறக்குறைய ஓராண்டுக்குப் பின் பிடிபட்ட ஏரபத்ரப்பா வழக்கில், திருடு போன நகைகளும் சேலைகளும் எளிதில் கைமாறுபவை அல்ல என்று கருதிய உச்ச நீதிமன்றம், 1983இல் அந்த இடைவெளியையும் ஏற்றுக்கொண்டது. கைப்பேசியோ சந்தையில் விரைவாகக் கைமாறும் பொருள். எனவே சில மாத இடைவெளி உங்கள் தரப்புக்குச் சாதகமானது.

மருதநிலத்தான்:
பொருள் அவருடைய தனிப்பட்ட வசத்தில் இருந்ததா என்பதும் முக்கியம். எவரும் சென்றுவரக்கூடிய திறந்த வயலிலிருந்து எடுக்கப்பட்ட பொருளை, இடத்தைக் காட்டியவரின் வசத்தில் இருந்ததாகக் கொள்ள முடியாது என்று 1954இல் திரிம்பக் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. இங்கே அவரே பயன்படுத்தி வந்ததால், அந்த வாதம் உதவாது.

குறிஞ்சிவேந்தன்:
நன்றி ஐயா. திருட்டு நிற்காவிட்டால், திருட்டுப் பொருளைப் பெற்றதாகத் தண்டிக்க வாய்ப்புண்டா?

வழக்காடி:
உண்டு. இந்திய தண்டனைச் சட்டத்திற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317(2)ஆவது பிரிவின் கீழ் மூன்றாண்டு வரை சிறையோ, அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் அது திருட்டுப் பொருள் என்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற முறையில் அதைப் பெற்றிருக்கவோ வைத்திருக்கவோ வேண்டும். அடிமாட்டு விலைக்கு வாங்கியிருந்தால் சிக்கல். சந்தை விலையை ஒட்டிக் கொடுத்திருந்தால், வங்கிக் கணக்கு அறிக்கையே நல்ல விளக்கம். அந்த விளக்கம் நம்பத்தக்கதாக இருந்தால் போதும், சந்தேகத்திற்கு இடமின்றி அவர் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அறிக்கையை இப்போதே வாங்கி வழக்கறிஞரிடம் கொடுங்கள். கடைக்காரரையும் விசாரிக்கும்படி எழுத்து மூலம் கோருங்கள்.