எக்ஸ்சேஞ்சுல போன பழசு எங்க போச்சு? பார்த்தவங்க சொல்லுங்க

வடவள்ளிக்காரன்:
போன தீபாவளிக்கு ஃபிரிட்ஜ் மாத்தினோமுங்க. பழசுக்குக் கடையில 1,500 ரூபா கழிச்சாங்க, டெலிவரி பசங்க தூக்கிட்டுப் போயிட்டாங்க. நாலாவது நாள் பால் வாங்கப் போறேன், பக்கத்துத் தெரு காயலான்கடை வாசல்ல நம்ம ஃபிரிட்ஜ் மல்லாக்கக் கிடக்குது. கதவுல என் பொண்ணு ஒண்ணாங்கிளாஸ்ல ஒட்டின பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் அப்படியே இருக்கு. ஒரு பையன் கம்ப்ரஸர் குழாயைக் கட்டிங் பிளேயர்ல நறுக்கினான். உஸ்ஸ்னு ஒரு சத்தம், அரை நிமிஷம். அத்தனை கேஸும் போச்சு. "தம்பி, இதை வெளிய விடக்கூடாதுப்பா"ன்னேன். "அப்ப ஊட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்களாங்ணா?"ன்னான்.

கம்பெனிக்குப் போன் போட்டா "எக்ஸ்சேஞ்ச் கடையோட ஸ்கீம், எங்களுது இல்ல". கடையில கேட்டா "நாங்க ஏஜெண்டுக்கு மொத்தமா குடுத்துருவோம்". ஏஜெண்டு போனே எடுக்கல. ஸ்டிக்கரையாவது உரிச்சுட்டு வந்திருக்கலாம்.

மூணாவது மாடி:
என் கதையில தப்பு என்னோடது. பீஸ் போன நாலடி டியூப்லைட், குப்பைப் பையில நிக்கல. சாக்குல சுத்திப் படியில தட்டி உடைச்சுப் போட்டேன், பெரிய புத்திசாலின்னு நெனப்பு. காலையில தூய்மைப் பணியாளர் அக்கா பையைக் கையால அமுக்கினாங்க. கண்ணாடி உள்ளங்கையில ஏறிடுச்சு. திட்டுவாங்கன்னு நின்னேன். "ஏன் தம்பி, முழுசா குடுத்திருந்தா ஓரமா வெச்சிருப்பேன்ல?" அவ்வளவுதான் கேட்டாங்க. உள்ள பாதரசம் இருக்கு, டியூப்லைட்டும் மின்கழிவு விதியில வருதுன்னு எல்லாம் அப்புறம்தான் படிச்சேன்.

எடைமேடை:
வடவள்ளிக்காரரே, உங்க கோபம் நியாயம்தான். ஆனா கம்பெனியை மட்டும் திட்டினா பாதிக் கதை. நான் ஒரு மறுசுழற்சி ஆலையில கணக்கு பார்க்கிறவன். 2016 மின்கழிவு விதியில கடைக்காரருக்கும் பொறுப்பு இருந்தது, வீட்டுக்காரங்களுக்கும் இருந்தது. 2023 ஏப்ரல் 1ல நடைமுறைக்கு வந்த புது விதியில கடைக்காரர் பேச்சே இல்ல. வாங்குறவங்கள்லயும் மொத்தமா வாங்குற ஆபீஸ், நிறுவனங்களுக்கு மட்டும்தான் கடமை. உங்க ஃபிரிட்ஜ் விழுந்த ஓட்டை இதுதான்.

கம்பெனிக்கு வேலை என்னன்னா, வித்த சரக்குல ஆயுள் முடிஞ்சது எவ்வளவுன்னு கணக்குப் போட்டு, அதுல 2023-24லயும் அடுத்த வருஷமும் 60 சதவீதம், பிறகு ரெண்டு வருஷம் 70, அப்புறம் 80 சதவீதம் மறுசுழற்சி ஆனதா மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் போர்ட்டல்ல காட்டணும். அதுக்கான சான்றிதழை எங்களை மாதிரி ஆலைகள்ட்ட விலைக்கு வாங்குவாங்க. சான்றிதழ் எழுதுறது இரும்பு, செம்பு, அலுமினியம், தங்கம்னு உலோகக் கணக்குல. பட்டாம்பூச்சி ஒட்டின அதே ஃபிரிட்ஜ் திரும்பி வரணும்னு யாரும் கேக்கல.

எனக்கு உறுத்துறது வேற. ஒரு ஏஜெண்டு வந்தார். காபி குடிச்சுக்கிட்டே, "சரக்கு ஏத்தி இறக்குறதெல்லாம் எதுக்கு சார், சர்டிபிகேட் மட்டும் போட்டுக் குடுங்க"ன்னார். முதலாளி வெளிய போகச் சொல்லிட்டார். அந்த ஆளுக்குக் கோபமே வரல. சிரிச்சுட்டே மீதிக் காபியைக் குடிச்சுட்டுத்தான் எழுந்தார். 2023ல பிளாஸ்டிக் மறுசுழற்சிச் சான்றிதழ்கள்ல சுமார் 6 லட்சம் போலின்னு வாரியமே கண்டுபிடிச்சப்ப எனக்கு அந்தக் காபி டம்ளர்தான் ஞாபகம் வந்தது.

கோத்தகிரி பனி:
எங்க மலையில 2022 மே மாசமே டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்கி, காலி பாட்டிலைக் குடுத்தா திருப்பித் தர ஆரம்பிச்சாச்சு. ஐகோர்ட் சொல்லித்தான். உடைஞ்ச பாட்டில் யானை காலைக் கிழிக்கிற ஊர் இது. ரோட்டோரம் பாட்டில் பொறுக்குற ஒரு அம்மா எனக்குப் பழக்கம். ஒருநாள் ஓடைக்குள்ள இறங்கி ஏழெட்டு எடுத்தாங்க. ஒண்ணை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு அங்கேயே போட்டாங்க. "ஏம்மா?" "டாஸ்மாக் ஸ்டிக்கர் இல்ல சாமி, வெளி மாநிலத்துது." அந்தப் பாட்டில் ரெண்டு மாசம் அங்கேயே கிடந்துது. நானும் தினம் பார்த்துட்டுத்தான் போனேன், எடுக்கல.

ரிட்டயர்டு இன்ஜினியர்:
என் இன்வெர்ட்டர் பேட்டரியை வாங்க வந்தவர், எடை போடுறதுக்கு முன்னாடி அதைச் சாய்ச்சு ஆசிட் முழுக்கச் சாக்கடையில கொட்டினார். தண்ணி எடைக்குக் காசு கிடையாதாம். சாக்கடை பொங்கி நுரைத்தது.

நண்பர்களே, இதற்கெல்லாம் காரணம் நமக்கு விவரம் இல்லாததுதான். 2022 பேட்டரி விதியில் நுகர்வோர் கடமை தெளிவாக இருக்கிறது: மற்ற குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்க வேண்டும். புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள், விலையும் குறையும். பில்லில் "பழையது பெறப்பட்டது" என்று எழுதி வாங்குங்கள். லித்தியம் பேட்டரி என்றால் முனைகளில் டேப் ஒட்டுங்கள். உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்திப் பார்க்காதீர்கள். போனைக் கொடுக்கும் முன் சிம்மை எடுங்கள், எல்லாவற்றையும் அழியுங்கள். ஃபிரிட்ஜ், ஏசி என்றால் வாங்குபவர் வாரியத்தில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள். ஆலையின் பெயரைக் கேளுங்கள். அவர் முகம் சுளித்தாலும் கேளுங்கள். டியூப்லைட்டைப் புதியது வந்த அட்டைக்குள் செருகி, வெளியே எழுதி ஒட்டுங்கள். மூணாவது மாடி அவர்கள் இதைச் செய்திருந்தால்

மூணாவது மாடி:
சார், அந்த அக்கா கை ஆறிடுச்சு. இப்ப முழுசாத்தான் குடுக்கறேன். போதும் சார்.

எடைமேடை:
இன்ஜினியர் சார், ஆலைப் பேரைக் கேக்கச் சொல்றீங்க. டெலிவரி பையனுக்கு ஏஜெண்டு பேரே தெரியாது, ஆலைப் பேர் எப்படித் தெரியும்?

வடவள்ளிக்காரன்:
நேத்து அந்தக் காயலான்கடைப் பக்கம் மறுபடி போனேனுங்க. மத்ததெல்லாம் போயிருச்சு. கதவை மட்டும் யாரும் எடுக்கல போல, உள்ள பஞ்சுதானே. ரெண்டு கல்லு மேல படுக்கப் போட்டு டீ வைக்கிற பலகையாக்கிட்டாங்க. பட்டாம்பூச்சி மேல டம்ளர் வட்டம் விழுந்திருக்கு.