ஒலிக்கும் பொருள் ஆடுவது ஏன் தெரிவதில்லை? – அனுபவப் பகிர்வு

அதிர்வு கண்ணுக்குத் தப்ப இரண்டு காரணங்கள்: ஒன்று வேகம், இன்னொன்று அசைவின் சிறுமை. எது தடை என்று பிரித்துப் பார்க்காமல் சோதனையில் இறங்கினால் நேரம்தான் வீண்.

முதலில் வேகம். விநாடிக்கு 60 தடவைக்கு மேல் மின்னும் விளக்கு நமக்கு விடாமல் எரிவதாகவே படும். காதோ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரை கேட்கும். கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஆடுகிறது. மீட்டிவிட்டுக் கறுப்புத் துணியின் முன் வைத்துப் பாருங்கள்: நடுவில் புடைத்த மங்கலான பட்டைதான் தெரியும். அதன் இரு ஓரங்கள் மட்டும் அழுத்தமாக இருக்கும். கம்பி நின்று திரும்புவது அங்கேதான்.

*

வேகம் மட்டுமே தடை என்றால், சீரான இடைவெளியில் மின்னும் ஸ்ட்ரோப் விளக்கு போதும். 440 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும் இரு கிளை உலோகக் கருவி) தட்டிவிட்டு, விளக்கை விநாடிக்கு 110 மின்னல் என்று வைத்தால் கவை அசையாமல் நிற்பதுபோல் தோன்றும். 109.75க்குக் குறைத்தால் விநாடிக்கு ஒரு முறை நிதானமாக ஆடும். அறை இருட்டாக இல்லாவிட்டால் எல்லாம் கலங்கிவிடும்.

செல்போன் கேமராவில் கம்பி பாம்புபோல் நெளிவதை நம்ப வேண்டாம். சென்சார் படத்தை வரிவரியாகப் பதிவதால் வரும் மாயம் அது.

*

சிறுமைக்கு ஸ்ட்ரோப் உதவாது. சாதாரணப் பேச்சின் அளவில் (60 டெசிபெல், 1,000 ஹெர்ட்ஸ்) காற்றுத் துகள் நகரும் தூரம் சுமார் 8 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை!

ஸ்பீக்கரிலும் இதே கதைதான். அதே ஒலியழுத்தம் வேண்டுமானால், அதிர்வெண் பத்து மடங்கு குறையும்போது கூம்பு நூறு மடங்கு அதிகம் நகர வேண்டும். அதனால்தான் கீழ்ச்சுருதிக்கான வூஃபர் துடிப்பது தெரிகிறது, மேல்சுருதிக்கான ட்வீட்டர் சும்மா இருப்பதுபோல் இருக்கிறது. 20 ஹெர்ட்ஸ் கொடுத்துப் பார்ப்பவர்கள் ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். 'டக் டக்' என்று இடித்தால் உடனே குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கூம்பை ஆட்டும் கம்பிச்சுருள் போய்விடும்.

*

சிறிய அசைவைப் பெரிதாக்க மலிவான வழி, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டும் அதன்மேல் அடிக்கும் லேசரும். இருபுறமும் திறந்த டப்பாவின் ஒரு வாயில் பலூன் ரப்பரை விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். 5 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டை மையத்துக்கும் விளிம்புக்கும் இடையில் ஒட்டுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்: நட்டநடுவில் ஒட்டினால் கண்ணாடி முன்னும் பின்னும் போகுமே தவிரச் சாயாது, ஒளிப்புள்ளி நகராது. கண்ணாடி சாயும் கோணத்தைப் போல இரு மடங்கு ஒளிக்கதிர் திரும்பும். ஆயிரத்தில் ஒரு ரேடியன் (சுமார் 0.06 பாகை) சாய்ந்தாலே 3 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளி 6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். மறு வாயில் 'ஆ' என்று நீட்டிப் பாடினால் சுவரில் கோடோ வளையமோ விரியும். ரப்பர் தொய்ந்தாலும் கண்ணாடி கனத்தாலும் கீழ்ச்சுருதிக்கு மட்டுமே அசையும். லேசர் யார் கண்ணிலும் படாத உயரத்தில் இருக்கட்டும்.

*

அதிரும் தகட்டில் மணல் தூவிப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: மணல் ஆடாத கோடுகளில் சேரும். மிக நுண்ணிய பொடியோ காற்றோட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, அதிகம் ஆடும் இடத்தில் குவியும். இரண்டையும் கலந்து தூவினால் படம் குழம்பும். மணலைச் சலித்துப் பொடியை நீக்கிவிட்டுத் தூவுங்கள்.