ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியேறுவது: கோத்தகிரியா, வடவள்ளியா, தென்காசியா, புதுச்சேரியா?

வேளச்சேரிவாசி:

வணக்கம். வரும் மார்ச்சில் பணி ஓய்வு. எனக்கு 60, வீட்டம்மாவுக்கு 57. இப்போது இருப்பது வேளச்சேரியில் தரைத்தள ஃபிளாட். 2015லும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீர் புகுந்த தெரு. விற்றுவிட்டுக் கிளம்புவது என்று முடிவாகிவிட்டது. பத்திரச் செலவு சேர்த்து 75 லட்சம் வரை போகலாம்.

பார்த்து வைத்திருப்பவை நான்கு. கோத்தகிரியில் சரிவான 8 சென்டில் ஒரு பழைய ஓட்டு வீடு. கோவை வடவள்ளி தாண்டி மருதமலைப் பக்கம் புது லே-அவுட்டில் 4 சென்ட் மனை. தென்காசி–குற்றாலம் சாலையில் கட்டி முடித்த தனி வீடு. புதுச்சேரிக்கு வடக்கே கடற்கரை ஓரமாக ஒரு ஃபிளாட்.

எனக்கு ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறது. வீட்டம்மாவுக்கு ஆஸ்துமா. புயல், வெள்ளம், மண்சரிவு, வெயில் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் எது தேறும்? மனையை எப்படிச் சோதிப்பது? "எங்க ஊர் சொர்க்கம்" வகைப் பதில்கள் மட்டும் வேண்டாம்.

மழைமானி:

புதுச்சேரியை முதலில் முடித்துவிடலாம் சார். 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயல், 2020 நவம்பர் நிவர், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல். மூன்றுமே புதுச்சேரியை ஒட்டித்தான் கரை ஏறின. ஃபெஞ்சலில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு நெருக்கமாகக் கொட்டியது. அது போக நகருக்கு வடக்கே கடல் அரிப்பு வேறு. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்து பால்கனி அடிப்பக்கம் காரை உதிர்வது பத்துப் பதினைந்து வருடத்திலேயே தெரிய ஆரம்பிக்கும். வேளச்சேரியிலிருந்து தப்பி அங்கே போவதில் அர்த்தமில்லை.

உள்நாட்டுக்குப் போனால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம். கரை ஏறியபின் குறைவது காற்றுதான், மழை குறையும் என்று உத்தரவாதம் இல்லை. அதே ஃபெஞ்சல் உள்ளே நகர்ந்தபோது கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. திருவண்ணாமலையில் மலை சரிந்து 7 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ.; அதற்குப் புயலே தேவைப்படவில்லை, வளிமண்டலச் சுழற்சி ஒன்று போதுமானதாக இருந்தது. அதனால் ஓர் ஊரின் ஆண்டுச் சராசரியைப் பார்க்காதீர்கள். ஒரே நாளில் அதிகபட்சம் எவ்வளவு பெய்திருக்கிறது, அன்றைக்கு அந்தத் தெரு எப்படி இருந்தது, இதைக் கேளுங்கள்.

நீலகிரியிலேயே இரண்டு மழை உண்டு. ஊட்டிக்கு மேற்கே தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் 82 செ.மீ. பதிவானது. கோத்தகிரி, குன்னூர் கிழக்குச் சரிவு, அங்கே அடிப்பது ஐப்பசி, கார்த்திகை மழை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரத்தில் சரிந்த மண்ணில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எல்லோரும் மே மாதம் போய் வீடு பார்க்கிறார்கள். நவம்பரில் போய்ப் பாருங்கள்.

கோவை மழைமறைவுப் பகுதி. ஆண்டுக்கு 60, 70 செ.மீ.தான். மார்ச் முதல் மே வரை பகலில் 36, 38 டிகிரி போகும். ஆனால் சென்னை மாதிரி இரவெல்லாம் பனியன் ஒட்டிக்கொண்டு கிடக்காது. ஜூன் பிறந்ததும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வந்துவிடும். அந்தக் காற்றோடு புழுதியும் வரும், ஆஸ்துமாவுக்கு அது ஒன்றுதான் இடைஞ்சல். மேற்குப் பக்க ஜன்னலுக்கு நெருக்கமான வலை அடித்து, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை படுக்கையறையைக் கிழக்குப் பக்கம் வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். மலையில் எதிரி வேறு: ஈரச் சுவரில் பூக்கும் பூஞ்சை, விறகுப் புகை, விடியற்காலைக் குளிர்.

நிலநடுக்கம் பற்றி யாரும் கேட்பதில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோவை–பாலக்காடு வட்டாரத்தில் ரிக்டர் 6 அளவுக்கு ஒன்று வந்திருக்கிறது. 2016 கட்டட விதி கோவையையும் சென்னையையும் ஒரே மூன்றாம் மண்டலத்தில்தான் வைத்தது. பயப்பட வேண்டாம். தனி வீடு கட்டினால் பேஸ்மட்டத்திலும் லின்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல்) மட்டத்திலும் பெல்ட் கான்கிரீட் நான்கு சுவரையும் சுற்றி அறுபடாமல் ஓடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

புலப்படம்:

மழைமானி ஊரைச் சொல்லிவிட்டார். நான் சர்வே எண்ணுக்கு வருகிறேன். ஒரே ஊரில் இந்தத் தெரு மூழ்கும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும்.

தமிழ்நாடு அரசின் இ-சேவை நில ஆவணத் தளத்தில் புலப்படமும் (மனையின் அளவு வரைபடம்) அ-பதிவேடும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்ற பதிவு) இறக்கிக்கொள்ளலாம். மனையின் சர்வே எண் மட்டும் போதாது, நான்கு பக்கத்து எண்களையும் எடுங்கள். அ-பதிவேட்டில் "ஓடை", "வாய்க்கால்", "குட்டை", "ஏரி உள்வாய்" என்று ஏதாவது பக்கத்தில் இருந்தால், அது இன்று தார்ச் சாலையாக இருந்தாலும் தண்ணீருக்கு அதுதான் வழி. பிறகு கூகுள் எர்த்தில் பழைய படங்களை வருடவாரியாகத் தள்ளிப் பாருங்கள். நவம்பர், டிசம்பர் படம் கிடைத்தால் நல்லது. லே-அவுட் போடுமுன் அந்த இடத்தில் கரும்பச்சைப் பட்டை ஒன்று வளைந்து போயிருந்தால் அது ஓடை.

நேரில் போகும்போது பேஸ்மட்டத்தை அளந்துவிடுங்கள். சாலை மட்டத்துக்கு மேல் 3 அடி இருக்க வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டுச் சாலை ஏறியிருந்தால், பத்து வருட வீடுகூடப் பள்ளத்தில் இறங்கியிருக்கும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021இலேயே அரசு சொல்லியாயிற்று, தெருத் தெருவாக நடக்கிறதா என்பது வேறு கதை.

இனி கோத்தகிரி. சரிவு மனையில் பாதியை வெட்டி, அந்த மண்ணையே மறுபாதியில் கொட்டி சமன்படுத்துவார்கள். வீடு பாதி கெட்டி மண்ணிலும் பாதி கொட்டிய மண்ணிலும் நிற்கும். கொட்டிய பக்கம் மெல்ல இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படி படியாக ஓடும் விரிசல் அதன் கையெழுத்து. விற்பவர் புட்டி வைத்து மறைத்திருப்பார், அந்த இடத்தில் பெயின்ட் மட்டும் புதுசாக இருக்கும். சந்தேகமிருந்தால் விரிசலின் குறுக்கே இரண்டு விரல் அகலத்துக்கு சிமென்ட் பால் பூசி, தேதி எழுதிவிட்டு ஒரு மழைக்காலம் காத்திருங்கள். பட்டை வெடித்தால் வீடு இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.

வெளியே பார்க்க வேண்டியவை: அடியில் வளைந்து பிறகு நிமிர்ந்த மரங்கள், சாய்ந்த மின்கம்பம், கோடையிலும் ஈரமாக இருக்கும் திட்டு, மேட்டில் பிறை வடிவ வெடிப்பு. மேல் வீட்டுக்காரரின் செப்டிக் டேங்க் உறிஞ்சுகுழி எங்கே இருக்கிறது என்று கேட்கத் தவறாதீர்கள். வருடம் முழுக்க உங்கள் தலைக்கு மேலுள்ள மண்ணை ஊறவைத்துக்கொண்டிருப்பது அதுதான். தடுப்புச் சுவர் இருந்தால் ஒன்றரை மீட்டருக்கு ஒரு வடிகுழாயாவது இருக்க வேண்டும், அதற்குப் பின்னால் ஜல்லி நிரப்பியிருக்க வேண்டும். குழாய் வாயில் மழைக்குப் பிறகு தண்ணீர் வந்த தடமே இல்லையென்றால் உள்ளே அடைத்திருக்கிறது. சுவரைத் தள்ளிக் கவிழ்ப்பது பெரும்பாலும் பின்னால் தேங்கும் தண்ணீர்தான்.

நீலகிரியில் கட்டட உயரம் 7 மீட்டருக்கு மேல் கூடாது, ஜே.சி.பி. இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். "அப்புறம் மாடி எடுத்துக்கலாம் சார்" என்று தரகர் சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள். கூடலூர் பக்கம் யாராவது மலிவாகக் காட்டினால் ஜென்மம் நிலமா, பிரிவு 17 நிலமா (உரிமை தீராமல் கிடப்பவை) என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அதோடு பேச்சு முடிந்தது.

நொய்யல்கரை:

வடவள்ளி தாண்டி மருதமலைப் பக்கம் என்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். மேற்கே மலையை ஒட்டிய பல கிராமங்கள் ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும வரம்பில் வரும். அங்கே நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம் மட்டும் காட்டினால் போதாது, ஹாகாவின் தடையின்மைச் சான்றும் வேண்டும். லே-அவுட் வரைபடத்தில் அந்த எண் இல்லையென்றால் பின்னாளில் வீட்டு வரைபட அனுமதி, வங்கிக் கடன் எல்லாம் இழுக்கும்.

அடுத்தது யானை. மருதமலை, தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் இரவில் இறங்கிவரும். வாசனைக்கு அரிசி மூட்டை இருக்கும் அறையின் ஷட்டரையே தள்ளிப் பார்க்கும். வீட்டைச் சுற்றி வாழை, பலா வைத்தால் நீங்களே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி. விடியற்காலை வாக்கிங் போகும் ஆசாமிகளுக்கு அந்த ஓரம் வேண்டாம். ஊருக்குள், பேருந்து போகும் சாலையிலிருந்து நடை தூரத்தில் பழைய வீடாகப் பாருங்கள். அந்தப் பணத்துக்கு 3 சென்ட்தான் வரும், பரவாயில்லை.

தண்ணீர் விஷயத்தில் "சிறுவாணி வருது" என்பதோடு நிறுத்தாதீர்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று மே மாதக் கணக்கைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள். தலைக்கு 135 லிட்டர் என்றால் இரண்டு பேருக்கு நாளைக்கு 270. பத்து நாள் வராவிட்டாலும் 2,700 லிட்டர்தான். 5,000 லிட்டர் சம்ப் தாராளம். போர்வெல் 800, 1,000 அடி போகும் ஊர் இது. அவ்வளவு ஆழத்துத் தண்ணீரின் டி.டி.எஸ்.ஸை (கரைந்த உப்புகளின் அளவு) பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் விழும் மழையில் வருடத்துக்கு 45,000 லிட்டருக்குக் குறையாமல் பிடிக்கலாம். முதல் மழையை வெளியே விட ஒரு வால்வு, பிறகு வடிகட்டி, பிறகு சம்ப். இந்த வரிசை மாறினால் சம்பில் புறா எச்சம்தான் சேரும்.

இசிஜி_தாள்:

ஸ்டென்ட் என்றீர்கள், அதனால் இது. கோத்தகிரி கிட்டத்தட்ட 1,790 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் 80 சதவீதம் அளவு. நிலையாக இருக்கும் இதயத்துக்கு அது பெரிய தடை இல்லை, மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போகலாம். பிரச்சினை சாலையில். மாரடைப்பு என்றால், ஆஞ்சியோபிளாஸ்டி (அடைப்பு நீக்கும் சிகிச்சை) வசதி உள்ள இடத்துக்கு நேரே போகிறவருக்கு 90 நிமிடம், வேறு மருத்துவமனையிலிருந்து மாற்றிப் போகிறவருக்கு 120 நிமிடம் என்பதுதான் இலக்கு. பக்கவாதத்துக்குக் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ. கொண்டை ஊசி வளைவுகள், பிறகு கோவை போக்குவரத்து. சாலை திறந்திருக்கும் நாளிலேயே கணக்கு இடிக்கிறது, நவம்பரில் மண் விழுந்து அடைத்தால் சொல்லவே வேண்டாம். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அது ஓர் ஆறுதல்.

எங்கே போனாலும் இன்வெர்ட்டரைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று காகிதத்தில் 1,800 வாட்-மணி. கைக்குக் கிடைப்பது 1,200 சொச்சம். நெபுலைசருக்கு அது ஏகத்துக்கும் போதும். பின்னாளில் 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் தேவைப்பட்டால் அது 350 வாட் இழுக்கும், மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

சாரல்:

தென்காசியை யாருமே எடுக்கவில்லையே! திருநெல்வேலி 55 கி.மீ.தான், மலை ஏற்ற இறக்கம் இல்லாத சாலை, மருத்துவக் கல்லூரி உண்டு. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சாரல் தூவிக்கொண்டே இருக்கும், விசிறி போடத் தேவையில்லாத நாட்கள் கிடைக்கும். மற்ற மாதங்களில் வெயில் வெயில்தான், மறைக்கவில்லை. 2024 டிசம்பரில் குற்றாலமும் தென்காசியும் வெள்ளத்தில் சிக்கியது நிஜம். ஆனால் அது சிற்றாற்றை ஒட்டிய பள்ளப் பகுதிகளின் தலைவலி. புலப்படம் சொன்ன சோதனையைச் செய்து, ஆற்றையும் குளம் நிரம்பி வழியும் மறுகாலையும் விட்டு விலகிய மேட்டு வீடாக இருந்தால் 50 லட்சத்தில் முடிந்து, மீதியை வங்கியில் போட்டு வைக்கலாம். ஓட்டுக்கூரை, தகரக் கொட்டகை மட்டும் வேண்டாம், ஆடிக் காற்று தூக்கிவிடும்.

வேளச்சேரிவாசி:

எல்லோருக்கும் நன்றி. புதுச்சேரி, கோத்தகிரி இரண்டையும் அடித்துவிட்டேன். வடவள்ளி ஊருக்குள்ளும் தென்காசியிலும் வாடகைக்கு இருந்து பார்க்க நினைக்கிறோம். எந்த மாதங்கள்? காப்பீடு மண்சரிவையும் வெள்ளத்தையும் தாங்குமா?

புலப்படம்:

வடவள்ளியில் ஏப்ரல் நடுவில் புகுந்து ஜூலை முடிய இருங்கள். வெயில், தண்ணீர்த் தட்டுப்பாடு, புழுதிக் காற்று மூன்றையும் ஒரே வாடகையில் பார்த்துவிடலாம். தென்காசிக்கு அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் வரை. சாரல் காலத்தில் போனால் உடனே முன்பணம் கொடுத்துவிடுவீர்கள்.

காப்பீட்டுக்கு, 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் தரும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி போதும். வெள்ளம், புயல், நிலநடுக்கம், மண்சரிவு எல்லாம் உண்டு. தொகை கட்டுமானச் செலவுக்குத்தான், மனை விலைக்கு இல்லை. கட்டடத்துக்கு எடுத்தால் வீட்டுச் சாமான்களுக்கு அதில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் தானாகச் சேரும். விலக்குகளைப் படியுங்கள்: கொட்டி நிரப்பிய மண் இறங்கியது, கடலோ ஆறோ அரித்தது, கட்டுமானக் குறைபாடு, இதற்கெல்லாம் பணம் வராது. கோத்தகிரி வீட்டில் நடக்க வாய்ப்பிருப்பதும் புதுச்சேரியில் நடக்க வாய்ப்பிருப்பதும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன.

தென்காசி வீட்டின் புலப்படத்தை இறக்கியதும், உரிமையாளர் பெயரை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள். சிற்றாறும் மறுகாலும் எந்தப் பக்கம் போகின்றன என்று சேர்ந்து பார்த்துவிடலாம்.