பஸ்ஸின் இடப்பக்கத்தால் போகிறவர்களுக்கு: எனக்கு நடந்தது

புதிதாக பைக் எடுக்கிற பிள்ளைகளுக்குத்தான் எல்லோரும் புத்தி சொல்கிறோம். எனக்கு லைசென்ஸ் கிடைத்து 14 வருஷம், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு காலை, எட்டு மணி இருக்கும். கொழும்பில், காலி வீதியில் வெள்ளவத்தை சவோய் தியேட்டர் பக்கம் முன்னால் போன பஸ் ஓரத்துக்கு வராமல் பாதி வீதியிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவில் ஒரு பைக் தாராளமாகப் போகலாம், வலப்பக்கம் வாகன வரிசை அசையவே இல்லை, எத்தனையோ தடவை போன இடைவெளிதானே என்று உள்ளே விட்டேன். வேகம் 30தான் இருக்கும். ஆனால் 30 என்றாலே ஒரு செக்கனில் எட்டு மீற்றருக்கு மேல் போய்விடும், பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து முன் கதவுக்கு வர அவ்வளவுதான் நேரம்.

முதலில் கண்ணில் பட்டது ஒரு கால். ரப்பர் செருப்புப் போட்ட கால், மிதிபலகையிலிருந்து தரையைத் தேடி இறங்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவின் முகம் உள்ளே திரும்பியிருந்தது, கண்டக்டரிடம் மிச்சக் காசு வாங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். முன் சக்கரம் அவருடைய பையில் முட்டி நின்றது. சாப்பாட்டுப் பெட்டி விழுந்து திறந்து சோறும் பருப்பும் வீதியில். அவருக்கு ஒரு கீறலும் இல்லை. ஏசவும் இல்லை. குனிந்து மூடியை எடுத்து சேலையில் துடைத்துக்கொண்டே, "தம்பி, இறங்குற பக்கம் இதுதானே, வேற எங்கால இறங்குறது?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஓரங்கட்டாமல் நிறுத்திய பஸ்ஸிலும் பிழை இருக்கிறது, சரி. ஆனால் அவரை இடிக்கப் போனது என் பைக். அன்றிலிருந்து பஸ் நின்றால் நானும் பின்னால் நிற்கிறேன். பின்னாலிருந்து ஹார்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.

இன்னொன்று, முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லிப் பழக்குகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால்தான் போகிறது, அதனால் வண்டியை நிறுத்துவதில் பெரும் பங்கு முன் சக்கரத்துக்கு. ஹேண்டிலை நேராக வைத்து, ஒரேயடியாக இழுக்காமல், எலுமிச்சங்காய் பிழிகிற மாதிரி இறுக்க வேண்டும். வெறும் மைதானத்தில் ஒரு பின்னேரம் இதை மட்டும் பழகுங்கள். அன்று நான் பின் பிரேக்கை மட்டும் மிதித்திருந்தால் பையோடு நின்றிருக்காது.

பதில்
அண்ணா, நான் ஸ்கூட்டி ஓட்டத் தொடங்கி நாலு மாதம். எனக்கு நுகேகொடை ரயில் கடவையில் நடந்தது. மழை தொடங்கி ஐந்து நிமிஷம்கூட இல்லை, வீதியில் கிடக்கிற எண்ணெயும் தூசியும் கழுவுப்படாமல் வழவழவென்று இருக்கிற நேரம். ஒரு குழியை விலத்தப் போய் தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தேன். முன் சக்கரம் தண்டவாளத்தோடேயே வழுக்கிப் போய்விட்டது. முழங்கை உரசி, தலையும் அடிபட்டது. ஹெல்மெட் கிளிப் போட்டிருந்தபடியால் எழும்பி இதை எழுதுகிறேன். இப்போது கடவைக்கு முன்னமே வேகத்தைக் குறைத்து, தண்டவாளத்துக்குக் குறுக்காக நேரே போகிறேன், அதன் மேல் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஹெல்மெட்டில் சின்னக் கீறல்தான், அதையே தொடர்ந்து போடலாமா?

பதில்
வேண்டாம் தங்கச்சி, மாற்றிவிடுங்கள். அடியைத் தாங்குவது உள்ளே இருக்கிற நுரைதான். அது ஒருதரம் நசுங்கினால் பழையபடி வராது, வெளியில் பார்த்தால் தெரியவும் மாட்டாது. செலவுதான், ஆனால் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பின்னால் அம்மாவை ஏற்றுகிறீர்கள் என்றால் அவருடைய கிளிப்பையும் நீங்களே பூட்டிவிடுங்கள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகச் சொல்லுங்கள். சக்கரத்தில் சுற்றினால் ஆளையே இழுத்து விழுத்திவிடும்.

அன்று பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்த அம்மாவைப் பிறகு இரண்டு தரம் அதே தரிப்பில் கண்டேன். இரண்டாம் தரம் இறங்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் காலூன்றி நின்றுகொண்டிருந்தேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.